ரிமூவ் என்று நான் எழுதிய மனு

1993ஆம் ஆண்டு ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணம் கழிந்த பன்னிரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, எங்கள் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடக் கேட்டு தாலுகா சப்ளை ஆபீசுக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினேன். ஐந்தே வரி. கார்பன் தாள் வைத்து எடுத்த நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊதா நிறம் மங்கிப்போனாலும் எழுத்துகள் தெளிவாகத்தான் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் ஏன் எழுதினேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். கேரள எல்லையில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமங்களில் எங்களைப்போலத் தமிழ் வீடுகள் நிறைய உண்டு. வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து. பேச்சில் ஒரு தடங்கலும் கிடையாது. ஆனால் நான் பத்தாம் வகுப்புவரை படித்தது தமிழ் மீடியத்தில். மலையாளத்தில் நாவல்கள்கூட வாசிப்பேன், எழுத உட்கார்ந்தால் மட்டும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாகிவிடும். தமிழில் எழுதிய மனு இங்கே நகராது. அதனால் எங்களில் கொஞ்சம் படித்தவர்கள் எல்லோரும் ஆபீஸ் காரியத்துக்கு ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டோம். அதில் ஒரு மிடுக்கும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு டுட்டோரியல் காலேஜில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் பாதிப் பேருடைய மனுக்களை எழுதியவன் நான்தான்.

அந்த மனுவுக்கு வினைச்சொல் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் ஆனது. ஊரில் இதற்கு 'பேரு வெட்டுறது' என்பார்கள். மலையாளத்திலும் வெட்டுதான். கல்யாணம் ஆகிப்போன பெண்ணின் பெயரை வெட்டுவது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'டிலீட்' என்று போட்டால் அவள் இந்த வீட்டில் இருந்ததே இல்லை என்பதுபோல இருந்தது. 'கேன்சல்' டிக்கெட்டுக்குச் சொல்வது. 'ஸ்ட்ரைக் ஆஃப்' கோர்ட்டில் வழக்கைத் தள்ளுவதற்கு. கடைசியில் 'ரிமூவ்' என்பதில் வந்து நின்றேன். வகுப்பில் நான் அடிக்கடி சொல்லிக்கொடுக்கும் சொல் அது. பாத்திரத்தின் மூடியை ரிமூவ் செய்கிறோம், செருப்பை ரிமூவ் செய்கிறோம், துணியிலுள்ள கறையை ரிமூவ் செய்கிறோம் என்று பலகையில் எழுதிப்போடுவேன். ரிமூவ் செய்தால் பொருள் அழிவதில்லை, மூடி மேசைமேல் இருக்கும், செருப்பு வாசலில் இருக்கும், இருந்த இடம்தான் மாறுகிறது என்பேன். ஒருமுறை பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்போ கறை எங்க சார் இரிக்கும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. "தொவச்ச வெள்ளத்துல" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

பழைய ஆங்கில நாவல்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வழக்கு உண்டு. ஒரு குடும்பம் கிராமத்தைவிட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் 'ரிமூவ்' ஆனார்கள் என்றே எழுதியிருப்பார்கள். அந்த வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். என் தங்கை எல்லைக்கு அந்தப்பக்கம், குழித்துறையைத் தாண்டி ஒரு கிராமத்துக்குக் குடிபோயிருக்கிறாள். இந்தக் கார்டிலிருந்து எடுத்து அந்தக் கார்டில் வைக்கவேண்டும், அவ்வளவுதான். சொல் சரியாகப் பொருந்திவிட்டதில் எனக்கு அன்று பெரிய திருப்தி.

ஆனால் எல்லைக் கிராமங்களில் அப்படி யாருமே செய்வதில்லை. இங்கிருந்து அங்கே பெண் கொடுப்பதும் அங்கிருந்து எடுப்பதும் காலங்காலமாக உள்ளது. போன பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டில் அப்படியே கிடக்கும். புகுந்த வீட்டில் சேர்க்கும்போது சேர்ப்பார்கள், இரண்டிலும் இருந்தால் இருக்கட்டும். இரண்டு மாநிலத்து ஆபீசும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. நான் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கார்டை வாங்க ரேஷன் கடைக்குப் போனேன். முந்தின நாள் அம்மா அரிசி வாங்கியபோது கார்டு அங்கே தங்கிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டார்.

"என்னத்துக்கு சாரே வெட்டுறது? கெடக்கட்டு. கெட்டிச்சுப் போன ஒரு பெண்ணுக்க பேரும் இந்தக் கடையில வெட்டினதா எனக்கு ஓர்மையில்ல."

"அவ இங்க இல்லியே."

"இல்லாட்டா என்ன? மேலவீட்டு அப்பாவன் செத்து ஏளு வருசமாச்சு. இண்ணைக்கும் மாசாமாசம் சீனி வாங்குறாரு. பல்லில்லாத மனுசன் இல்லியா, சீனிதான் அவருக்குத் தோது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மண்ணெண்ணெய்க் கேனோடு நின்ற ஒருவர், "சாரு இங்கிலீசுக்காரராக்கும். நமக்குள்ள கள்ளம் ஒண்ணும் அவருக்கு ஆவாது" என்றார். நான் கார்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மாவுக்கும் சம்மதமில்லை. "எலே, அவ பங்கு அரி ரெண்டு மாசம் கூட வந்தா உனக்குத் தொண்டையில எறங்காதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு கெடக்கட்டு மக்கா. அவ வந்து போற வீடாக்கும் இது" என்றாள்.

"வந்து போறதுக்கு கார்டு வேண்டாம் அம்மா. அவளுக்கு இனி பேரு அங்க வேணும். இங்க கெடந்தா அங்க சேக்க மாட்டாவ" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. பதினெட்டு வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். யார் எப்போது வந்தார்கள், எந்த நாள் மழை தொடங்கியது, எந்தக் கிழமை கிணறு இறைத்தோம் எல்லாம் அதில் உண்டு. இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதியிருக்கும் எந்தத் தாளையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததில்லை. அந்தக் கார்டில் மூன்று பெயர் இருந்தது. வீட்டில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். என்னை உறுத்தியது அதுதான்.

சப்ளை ஆபீசில் என் மனுவை வாங்கிய குமாஸ்தா வயதானவர், மரியாதைக்காரர். இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நல்ல இங்கிலீஷ் சாரே" என்றார். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், தங்கையின் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். மையை ஒற்றி எடுத்தார். பெயர் நீக்கியதற்கான சான்றில் முத்திரை குத்தி என்னிடம் நீட்டியபடி மலையாளத்தில் சொன்னார்: "இது அவிடெ கொடுத்து வேகம் சேர்த்தோளணும் கேட்டோ. வைகருது." தாமதிக்கக் கூடாது என்று அவர் சொன்னதை அப்படியே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் செங்கல் சூளை லாரி ஓட்டுகிறவர். நல்ல உயரம், வாய் நிறையச் சிரிப்பு. சான்றை உறையில் போட்டுக் கொடுத்தேன். "ஆகட்டு மச்சான், நாளைக்கே போறேன்" என்று மேல்பையில் செருகிக்கொண்டார். அன்றைய குறிப்பு: 'சான்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.' அதன்பிறகு மூன்று வருடம் நான் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எத்தனையோ தடவை வந்து போனாள். ஓணத்துக்கு, தீபாவளிக்கு, அம்மாவுக்குக் காலில் நீர் கோத்தபோது. கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு காரியத்தைக் குறிப்பில் எழுதிவிட்டால் அது முடிந்துவிட்டதாக நினைக்கிற குணம் எனக்கு இருந்தது.

1996 வைகாசியில், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மாப்பிள்ளை தங்கையை ஒரு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். ஒரு பை, ஒரு குடை. முற்றத்திலிருந்து வீட்டுக்குள் வருவதற்குள் அவள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். முந்தின வருடம் ஒரு கர்ப்பம் கலைந்திருந்தது. அப்போது நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்த டாக்டர்தான் இதயத்து வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொன்னாராம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலின் மிச்சம். எங்களுக்கு அதுவரை தெரியாது.

"இங்க இருந்தா திருவனந்தபுரம் பெரிய ஆசுபத்திரி பக்கமில்லியா மச்சான்" என்றார் அவர். அதுவும் சரிதான். அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை வந்து பார்த்தார். அப்புறம் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். வெளியே செய்தால் எங்களால் முடியாத காரியம். வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவசமாகச் செய்வார்கள், ஆனால் அதற்கு வில்லேஜ் ஆபீசரின் சான்று வேண்டும். வில்லேஜ் ஆபீசர் ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் எழுதுவார். கார்டைக் கொண்டுபோனேன். அவர் விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்து சிவப்புக் கோட்டில் நின்றார். "இது வெட்டியதாணல்லோ" என்றார். கார்டைத் திருப்பி என் பக்கமாக வைத்தார்.

மறுநாள் சப்ளை ஆபீசுக்குப் போனேன். அதே குமாஸ்தா. ஓய்வுபெற இன்னும் சில மாதம்தான் என்றார். என்னை அடையாளம் தெரிந்தது. கோப்பைத் தேடி எடுத்து என் மனுவை எனக்கே காட்டினார். "சாரு தன்னெயல்லே எழுதியது?" என்று கேட்டபோது அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. விதியை அவர் பொறுமையாக விளக்கினார். இங்கே நீக்கிச் சான்று கொடுத்தாயிற்று. அந்தச் சான்றை வைத்து அவளை அங்கே சேர்த்திருக்கிறார்களா இல்லையா என்பது இந்த ஆபீசுக்குத் தெரியாது. சேர்க்கவில்லை என்று அங்கே உள்ள ஆபீஸ் ஒரு காகிதம் தந்தால் இங்கே திரும்பச் சேர்க்கலாம். அந்த விதியை நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

எல்லையைத் தாண்டி அந்த ஆபீசுக்குப் போனேன். அவர்கள் கேட்டதும் நியாயமானதுதான். மாப்பிள்ளை வீட்டுக் கார்டைக் கொண்டுவந்தால் பார்த்துவிட்டு எழுதித் தருவோம் என்றார்கள். அங்கிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தேன். அவருடைய அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"கார்டு வெளிய குடுக்கிற பளக்கம் இல்ல" என்றார்.

"நீங்களே கூட வாருங்க மாமா. பாத்துட்டு உடனே தந்துருவாவ. அவளுக்க பேரு இந்தக் கார்டுல இல்லைன்னு ஒரு வரி எளுதணும், அவ்வளவுதான்."

"அதாக்கும் நானும் சொல்லுதேன். மூணு வருசமா மருமவளைக் கார்டுல சேக்கலைன்னு நானே கையொப்பம் போட்டுத் தரணுமா? நாளைக்கு நீ கோர்ட்டுக்குப் போனா அந்தக் காகிதம் யாருக்கு எதிரா நிக்கும்?"

"நான் கோர்ட்டுக்குப் போக மாட்டேன்."

"இங்கிலீசு படிச்சவன் போவ மாட்டான்னு நான் எப்பிடி நம்புறது?"

மாப்பிள்ளை உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். நான் கொடுத்த சான்று எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்தார். அதே வாய் நிறைந்த சிரிப்பு. "அது அப்பவே மளையில நனஞ்சு போச்சு மச்சான். சட்டையோட தொவச்சுட்டா உங்க தங்கச்சி." வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். அப்படி ஒரு உறையை அவள் பார்த்ததே இல்லை என்றாள்.

ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் இப்படியே போயிற்று. அந்த வீட்டுக்கு ஆறு தடவை போனேன். போன நாட்கள் எல்லாம் குறிப்பில் இருக்கின்றன. ஆறாவது தடவை கதவு திறக்கவில்லை, உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதற்குள் தங்கை படுத்து உறங்க முடியாத நிலைக்கு வந்திருந்தாள். மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாள்.

அப்போதுதான் கிழக்கு வீட்டு அக்கா வந்தாள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வேலிதான். பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். அவளுடைய மகளும் என் தங்கையும் ஒரே வயது. ஒரே வருடம் இருவருக்கும் எல்லைக்கு அந்தப்பக்கம்தான் கல்யாணம் ஆனது. அந்தப் பெண் மார்த்தாண்டத்தில் சுகமாக இருந்தாள். அவள் பெயர் இன்னும் கிழக்கு வீட்டுக் கார்டில் இருந்தது.

அக்கா கார்டை மடியிலிருந்து எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தாள். "சாருக்குள்ள புத்தி எனக்கு இல்லாத்தது நல்லதாப் போச்சு" என்றாள் என்னைப் பார்த்து. "இதுல எனக்க மவளுக்க பேரு உண்டு. வயசு செரி. ஆசுபத்திரியில மொகத்தையா பாக்கப்போறாவ? கொண்டு காட்டு."

"அது கள்ளம் அக்கா."

"ஆமா, கள்ளந்தான். நீ நேரு ஞாயம் பாத்ததுல தானே இவ இப்பிடி இருந்து இளைக்கா."

நான் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது எதற்காக என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அடுத்த வியாழக்கிழமை தங்கைதான் முடித்துவைத்தாள். "எனக்கு என்ன பேரா இருந்தா என்ன அண்ணா? மூச்சு வந்தா மதி, அதுவே போதும்" என்றாள். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு நான்கு மூச்சு வேண்டியிருந்தது.

அப்படியாக ஐப்பசியில் அவள் கிழக்கு வீட்டு மகளின் பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் ஒரு கிறிஸ்தவப் பெயர். நர்சுகள் அந்தப் பெயரைச் சொல்லி ஊசிக்குக் கூப்பிடுவார்கள். முதல் இரண்டு நாள் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, காதும் கேட்காது போலிருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். அப்புறம் பழகிவிட்டாள். வார்டுக்கு வாரம் இருமுறை ஒரு உபதேசியார் வருவார். அட்டையில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டு இவள் கட்டிலருகே நின்று நீண்ட ஜெபம் செய்வார். அம்மா ஒரு ஓரமாகக் கைகூப்பி நிற்பாள், எந்த இடத்தில் நிறுத்துவார் என்று தெரியாமல் நடுவிலேயே இரண்டு தடவை ஆமென் சொல்லிவிடுவாள்.

"அண்ணா, நம்ம அம்மை சபையில சேந்தாச்சு" என்று தங்கை சிரித்தாள். "எனக்கு இப்போ ரெண்டு பாட்டு முளுசாத் தெரியும். சத்தமாப் பாட மூச்சுதான் இல்ல."

ஆபரேஷனுக்குப் பட்டியல் இருந்தது. அதில் அவள் காத்திருந்தாள். சில வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். மறுபடி அந்தக் கட்டில், அந்தப் பெயர். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அவர்களைப்பற்றி நான் ஒரு குறையும் எழுதமாட்டேன். வைகாசியில் கூட்டிப்போயிருந்தால் வரிசையில் ஐந்து மாதம் முன்னால் நின்றிருப்பாள் என்று மட்டும் ஒரு இளம் டாக்டர் சொன்னார். தாமதம் ஏன் என்று அவர் கேட்டார். குடும்பத்தில் ஒரு காகிதச் சிக்கல் என்றேன்.

1997 பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இதயத்திலேயே கிருமி பிடித்துவிட்டது, இனி கத்தி வைக்க முடியாது என்றார்கள். பத்து நாள் மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மதியம், வீட்டுக்குக் கொண்டுபோக விருப்பமானால் கொண்டுபோகலாம் என்றார்கள். வேன் பிடித்தேன். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பாலராமபுரம் சந்திப்பில் வண்டிகள் நெருங்கி நின்றுவிட்டன. ஜன்னலுக்கு வெளியே ஒரு துணிக்கடையில் யாரோ கரைவேட்டியை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எறங்கவா?" என்று தங்கை கேட்டாள். "இல்ல, இனியும் தூரம் உண்டு" என்றேன். வண்டி நகர்ந்தபோது அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆறு மாதமாக வெளியில் யாரும் சொல்லாத அவள் சொந்தப் பெயரை. இன்னொருமுறை கூப்பிட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து.

வீட்டின் தெற்கு மூலையில் தகனம் செய்தோம். மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினோம். லாரியோடு வெளியூர் போயிருப்பதாகத் தகவல் வந்தது.

மூன்றாம் நாள் காலை கிழக்கு வீட்டு அக்கா வந்தாள். அழுதுதான் வந்தாள், அவளும் இவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கொஞ்ச நேரம் அம்மாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"ஆசுபத்திரிக் காகிதம் எல்லாம் எங்க மக்கா?"

"இருக்கு."

"பஞ்சாயத்துல மரணம் பதிய நீ கொண்டு குடுப்பே. உனக்க கொணம் எனக்குத் தெரியும். அதை அங்க குடுத்தா செத்துப்போறது எனக்க மவளாக்கும்." என்றாள். "அவளுக்கு இப்போ அஞ்சாம் மாசம்."

என்னால் அவளிடம் என்ன வாதாட முடியும்? தங்கையின் சொந்தப் பெயரில் பதியலாமென்றால் எங்கே சிகிச்சை, என்ன நோய் என்று கேட்பார்கள், காகிதத்தைக் கேட்பார்கள். விசாரணை வந்தால் கார்டு கொடுத்தவளும் மாட்டுவாள். பரிசோதனைச் சீட்டுகள், படங்கள், அட்டை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டிருந்தேன். அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அவள் வேறெங்கும் போகவில்லை, எங்கள் சமையலறைக்கே போனாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

பஞ்சாயத்தில் அவள் மரணம் பதிவாகவில்லை. எங்கள் கார்டில் அவள் இல்லை. அவர்கள் கார்டிலும் இல்லை. கல்யாணம் வீட்டு முற்றத்துப் பந்தலில் நடந்தது, அதற்கும் காகிதம் கிடையாது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் பெயர் இருக்கும், பத்தாம் வகுப்பு தவறியதோடு அதுவும் நின்றுவிடும்.

பதினாறாம் நாள் சடங்கு கழிந்த பிறகு கிழக்கு வீட்டு அக்கா திரும்பவும் வந்தாள். இந்தமுறை கையில் ஒரு வெள்ளைத்தாளும் அவர்கள் கார்டும். "எனக்க மவளுக்க பேரை இதுலருந்து வெட்டணும். எனக்குப் பயமும் பேடியுமா இருக்கு. நீதான் எளுதித் தரணும், வேற யாருட்ட நான் போய்க் கேப்பேன்?" என்றாள். மார்த்தாண்டத்தில் மகளின் பெயரை ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று நான் அந்தமுறை கேட்டேன். கல்யாணம் கழிந்த மாதமே சேர்த்தாயிற்று என்றாள். ஐந்து வரி எழுதினேன். வேறு சொல் தேடிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பழைய மனுவிலிருந்த சொல்லையே போட்டேன். வகுப்பில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் அதற்குப்பின் நான் மூடியையும் செருப்பையும் உதாரணம் சொல்வதில்லை. பொருள் இதுதான் என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன்.

அந்த வருடம் ஐப்பசியில் மாப்பிள்ளை வந்தார். கல்யாணத்தின்போது இருந்ததைவிட மெலிந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அம்மா தெற்கு மூலையைக் கைகாட்டினாள். அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன, அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். அம்மா கட்டன் சாயா கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"மச்சான், எனக்கு ஒரு காகிதம் வேணும். மரண சர்டிபிக்கேட்."

"எதுக்கு?"

"ஒரு எடத்துல பேசி வச்சிருக்கு. அந்தப் பெண்ணு வீட்டுக்காரவ கேக்காவ. பளைய தாலி அறுந்ததுக்குத் தெளிவு வேணுமாம்."

"அப்பிடி ஒண்ணு இல்ல."

"இல்லைன்னா? பதியலியா?" அவர் என்னை நம்பவில்லை. "நீங்க பதியாம இருப்பியளா? எந்த நாள் எந்த மளை பேஞ்சுதுன்னு எளுதி வைக்கிற ஆளு நீங்க."

"பதியல."

"செரி, நீங்களே இங்கிலீசுல ரெண்டு வரி எளுதிக் கையொப்பம் போட்டுத் தாருங்க. மதி. அவிய அது போதும்னு சொல்லுவாவ."

என்ன எழுதுவது? எந்த ஊர்க்காரி, எந்த வீட்டுக் கார்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பெயர்? எழுதக்கூடியது ஒரு சனிக்கிழமையும் நாலு பத்தும்தான்.

"என்ன மச்சான், அப்போ அவ செத்தாளா இல்லியா?" என்றார். கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து, யாரிடமும் சொல்லாமல், ரோட்டைப் பார்த்து நடந்தார். களியக்காவிளை பஸ் வந்து நின்ற சத்தமும் கிளம்பிய சத்தமும் கேட்டது.

"என்ன கேட்டான்?" என்றாள் அம்மா.

"ஒரு காகிதம்."

"குடுத்திருக்கப்பிடாதா மக்கா?"

தை மாதம் அவருக்கு மறுமணம் நடந்தது. பெண் வீட்டார் கடைசியில் காகிதம் எதுவும் கேட்கவில்லையாம். சந்தையில் பார்த்த அவர்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் சொன்னார். புதுப்பெண்ணின் பெயரை மாசி பிறப்பதற்குள் ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டார்கள் என்றும் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவே கார்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாராம், ஒரு காலை நேரத்தில் முடிந்துவிட்டதாம். கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைய பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருக்கிறது.